பழுது எங்கே என்று தெரியாத செல்கள்

1968-இல் ‘நேச்சர்’ இதழில் ஜேம்ஸ் கிளீவர் எழுதிய கட்டுரை சில பக்கங்கள்தான். வெயில் பட்டாலே தோல் கெட்டு, சிறு வயதிலேயே புற்றுநோய் வரும் ஓர் அரிய பரம்பரை நோய் உண்டு. அந்த நோயாளிகளின் தோல் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, புற ஊதாக்கதிரைக் காட்டி, என்ன நடக்கிறது என்று அவர் பார்த்தார். நோயில்லாதவர்களின் செல்கள் டி.என்.ஏ-வில் ஏற்பட்ட பழுதை எடுத்துவிட்டு, அந்த இடங்களில் சின்னச் சின்ன ஒட்டுகளைப் போட்டுக்கொண்டன. நோயாளிகளின் செல்களில் அந்த ஒட்டுவேலை நடக்கவில்லை, நடந்தாலும் மிகக் குறைவு.

டி.என்.ஏ பழுதுபார்ப்பைப் பற்றி அதுவரை அதிகம் பேசியவர்கள் பாக்டீரியாவை ஆராய்ந்தவர்கள்தான். அந்த வேலை நின்றுபோனால் மனிதருக்குப் புற்றுநோய் வரும் என்ற தொடர்பை இந்தக் கட்டுரைதான் கண்முன் வைத்தது. விலங்கு செல்கள் புற ஊதாக் காயத்தை எப்படி ஆற்றிக்கொள்கின்றன என்று இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி இங்கிருந்து கிளைத்தது. அதனால் இந்த ஒரு நிகழ்வையே பிடித்துக்கொண்டு போகிறேன். நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வெட்டுவதும் ஒட்டுவதும் செல்லுக்குச் சுலபம். பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் அது திணறுகிறது.

ஒட்டிக்கொள்ளும் இரண்டு எழுத்துகள்

புற ஊதாக்கதிர் பட்டால் டி.என்.ஏ அறுந்துபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. இழை அறுவதில்லை, அதில் வரிசையாகக் கோத்திருக்கும் வேதி ‘எழுத்தும்’ உதிர்வதில்லை. ஒரே இழையில் அடுத்தடுத்து இருக்கும், பிரிமிடின் வகையைச் சேர்ந்த இரண்டு எழுத்துகள் (இரண்டு தைமினோ, இரண்டு சைட்டோசினோ, இரண்டும் கலந்தோ) கதிரின் ஆற்றலை வாங்கி ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. உறையவைத்த தைமின் கரைசலில் புற ஊதாவைப் பாய்ச்சியபோது இப்படித் தைமின் இரட்டைகள் உருவாவதை 1960-இல் நெதர்லாந்தில் பியூகர்ஸும் பெரண்ட்ஸும் கண்டறிந்தார்கள்.

பிணைப்பில் இரண்டு வகை முக்கியம். ஒன்றில், இரண்டு எழுத்துகளும் இரண்டு இடங்களில் இணைந்து, நான்கு கார்பன் கொண்ட சிறு வளையம் உண்டாகிறது. இதற்குச் சைக்ளோபியூட்டேன் இரட்டை என்று பெயர். மற்றதில், ஓர் எழுத்தின் ஆறாவது கார்பன் அடுத்த எழுத்தின் நான்காவது கார்பனோடு சேர்கிறது. அதனால் அதை 6-4 என்றே அழைக்கிறார்கள். முதல் வகைதான் அதிகம், ஏறக்குறைய முக்கால் பங்கு. ஆனால் இந்தக் கதைக்கு வேறொரு வித்தியாசம்தான் உயிர்நாடி. 6-4 காயம் டி.என்.ஏ சுருளைச் சுமார் 44 பாகை அளவுக்கு மடக்குகிறது. எதிர் இழையோடு இருந்த பிடிமானமும் அங்கே குலைகிறது. சைக்ளோபியூட்டேன் இரட்டை அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. எதிரே உள்ள எழுத்துகளோடு பெரும்பாலும் இணைந்தபடியே, ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கும்.

விட்டுவைத்தால் என்ன ஆகும்? மரபணுவைப் படியெடுக்கும் நொதி அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். செல் பிரிவதற்காக டி.என்.ஏ-வை நகலெடுக்கும் நொதியும் நிற்கும், இல்லையென்றால் தவறான எழுத்தைப் போட்டுவிட்டு நகரும். சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் வருவதும், இரண்டு சைட்டோசின்கள் சேர்ந்தாற்போல் இரண்டு தைமின்களாவதும் புற ஊதாவின் கைரேகை. பி53 என்ற காவல் மரபணுவில் இதே கைரேகை மனிதத் தோல் புற்றுக்கட்டிகளில் இருப்பதை 1991-இல் டக்ளஸ் பிராஷும் அவரது குழுவும் காட்டினார்கள்.

நோய்

தோல் மருத்துவர் மோரிட்ஸ் கபோசி வியன்னாவில் 1870-களில் விவரித்த நோய் இது. முதலில் ‘வறண்ட தோல்’ என்று பொருள்படும் பெயரையே வைத்தார். நிறத்திட்டுகளைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து 1882-இல் ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்றார். சுருக்கமாக எக்ஸ்பி. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். இரண்டு வயதுக்கு முன்பே முகத்திலும் கைகளிலும் அடர்த்தியான புள்ளிகள் தோன்றும். தோல் வறண்டு, மெலிந்து, திட்டுத்திட்டாக மாறும். கண்ணும் பாதிக்கப்படும். மெலனோமா அல்லாத தோல் புற்று இவர்களுக்கு முதலில் வரும் வயதின் இடைநிலை 9 என்று அமெரிக்காவில் பல ஆண்டுகள் நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு சொல்கிறது. இருபது வயதுக்குள் அந்தப் புற்று வரும் அபாயம் மற்றவர்களைவிடப் பத்தாயிரம் மடங்கு அதிகம்.

ஒன்பது வயது. மற்றவர்களுக்கு அறுபதுக்கு மேல் வருவது இங்கே பள்ளிக்கூட வயதிலேயே வருகிறது. இந்த எண்ணை நான் எப்போதும் வெறும் எண்ணாகப் பார்க்க முடிந்ததில்லை.

புள்ளிகளை எண்ணும் சோதனை

கிளீவர் அப்போது சான் பிரான்சிஸ்கோவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அங்கே அவரோடு இருந்த ராபர்ட் பெயின்டரும், ராஸ்முசென் என்பவரும் 1964-இலேயே ஒரு வழியைக் கண்டிருந்தார்கள். டிரைட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய தைமிடினை (தைமின் எழுத்துக்கான மூலப்பொருள்) செல்களுக்குக் கொடுக்க வேண்டும். புதிதாக டி.என்.ஏ எழுதும் செல் அதை எடுத்துக்கொள்ளும். செல்களின்மேல் புகைப்படப் பூச்சைப் பூசி, இருட்டில் வைத்துப் பிறகு கழுவினால், தைமிடின் சேர்ந்த இடங்களில் கறுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும். பிரிவதற்காக மொத்த டி.என்.ஏ-வையும் நகலெடுக்கும் செல்லின் உட்கரு கன்னங்கரேல் என்றிருக்கும். மற்றச் செல்களில் ஒன்றும் இருக்கக்கூடாது. ஆனால் புற ஊதா பட்ட பிறகு, நகலெடுக்காத செல்களிலும் புள்ளிகள் தூவினாற்போல் தெரிந்தன. வேளை இல்லாத வேளையில் எழுதப்படும் டி.என்.ஏ அது, பழுதான துண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தை நிரப்பும் வேலையின் தடம்.

இந்தத் தடம் இல்லாத செல் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று கிளீவர் யோசித்துக்கொண்டிருந்தார். பாக்டீரியாவில் பழுதுபார்க்காத வகைகளை உண்டாக்கிப் பார்க்கலாம். மனிதச் செல்லில் அன்று அதற்கு வழி இல்லை. அப்போதுதான் செய்தித்தாளில் எக்ஸ்பி பற்றி வந்த ஒரு கட்டுரை அவர் கண்ணில் பட்டது. தான் தேடிய செல் இயற்கையிலேயே இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. நோயாளிகளின் தோல் செல்களைப் பெற்றுச் சோதித்தார். ஊகம் சரியாக இருந்தது.

சரி, ஒட்டுவேலை நடக்கவில்லை. எந்தப் படியில் நின்றது? கண்டுபிடிப்பதிலா, வெட்டுவதிலா, நிரப்புவதிலா, ஒட்டுவதிலா? இங்கேதான் கிளீவரின் அடுத்த சோதனையை நான் மிகவும் ரசிக்கிறேன். அதே செல்களுக்கு எக்ஸ் கதிரைக் காட்டினார். எக்ஸ் கதிர் டி.என்.ஏ இழையையே அறுக்கும். அதாவது வெட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டது. நிரப்பி ஒட்டுவது மட்டும் பாக்கி. அந்த வேலையை எக்ஸ்பி செல்கள் ஒழுங்காகவே செய்தன. நிரப்பும் கையும் ஒட்டும் கையும் நன்றாக இருக்கின்றன, தொடக்கத்தில்தான் ஏதோ இல்லை. 1969-இல் ரிச்சர்ட் செட்லோவின் குழு வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. நோயாளிகளின் செல்களில் தைமின் இரட்டைகள் வெட்டியெடுக்கப்படாமல் அப்படியே டி.என்.ஏ-வில் கிடந்தன.

1975-இல் ஜப்பானில் தனாகா, செகிகுச்சி, ஒகாடா மூவரும் செய்தது இதைவிட அழகு. பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸிடம் ஒரு சின்ன நொதி இருக்கிறது. தைமின் இரட்டையைத் தானே கண்டுபிடித்து அங்கே ஒரு கீறல் போடுவதுதான் அதன் வேலை. செயலிழக்கவைத்த செண்டாய் வைரஸின் உதவியால் செல் சவ்வைத் திறந்து அந்த நொதியை எக்ஸ்பி செல்லுக்குள் நுழைத்தார்கள். உட்கருவில் புள்ளிகள் திரும்ப வந்தன. மனிதச் செல்லில் இல்லாமல்போன தொடக்கத்தை ஒரு வைரஸின் நொதி எடுத்துக்கொடுத்ததும், மீதி வேலையைச் செல் தானே பார்த்துக்கொண்டது.

ஒரு பெயர், பல நோய்கள்

எக்ஸ்பி ஒரே மரபணுவின் குறை என்றுதான் முதலில் எண்ணியிருந்தார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் டிர்க் பூட்ஸ்மாவின் குழு 1972-இல் இரண்டு வேறு நோயாளிகளின் செல்களை ஒன்றாக இணைத்து, இரண்டு உட்கருக்கள் கொண்ட ஒரே செல்லாக்கியது. தனித்தனியாகப் பழுதுபார்க்கத் தெரியாத அந்த இரண்டும் சேர்ந்ததும் பழுதுபார்த்தன. ஒருவரிடம் இல்லாததை மற்றவர் கொடுத்தார் என்றால், இருவரிடமும் கெட்டிருப்பது வெவ்வேறு மரபணு. இப்படிச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்ததில் ஏ முதல் ஜி வரை ஏழு பிரிவுகள் தெரியவந்தன. ஒவ்வொரு பிரிவும் ஒரு வேலையாளின் பெயர்ப்பலகை. அந்த ஏழு மரபணுக்களையும் தேடிப் பிடிக்க அடுத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கண்டுபிடிக்கும் இரண்டு வழிகள்

மனிதச் செல் ஒன்றில் ஏறக்குறைய 640 கோடி எழுத்துச்சோடிகள். அத்தனையும் புரத உருளைகளில் சுற்றி மடிக்கப்பட்டிருக்கின்றன. அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கிடக்கின்றன. இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வழி, ரோந்து போவது. சி பிரிவில் கெட்டுப்போகும் எக்ஸ்பி-சி என்ற புரதம் டி.என்.ஏ முழுவதும் தேடிக்கொண்டிருக்கும். வியப்பு என்னவென்றால், அது காயத்தைத் தொடுவதே இல்லை. எழுத்துச்சோடிகள் எங்கே தளர்ந்திருக்கின்றன என்று பார்த்து, காயத்துக்கு எதிரே உள்ள நல்ல இழையைப் பற்றிக்கொள்கிறது. அதனால்தான் எந்த வேதிப்பொருள் உண்டாக்கிய காயமாக இருந்தாலும், சுருளைக் குலைக்கிறது என்றால் அதற்குப் பிடிபடும். 6-4 காயம் இப்படிச் சுலபமாக மாட்டிக்கொள்கிறது. மனிதச் செல்லில் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் காலியாகிவிடும். சைக்ளோபியூட்டேன் இரட்டையோ சோடிகளைக் குலைக்காமல் இருப்பதால் எக்ஸ்பி-சி-யின் கைக்கு எளிதில் படுவதில்லை. ஒரு நாள் கழிந்த பிறகும் கணிசமான பங்கு அப்படியே இருக்கும்.

இதற்காகவே தனியாக ஓர் உதவியாள் இருக்கிறது. எக்ஸ்பி-இ பிரிவில் கெட்டுப்போகும் டிடிபி2 என்ற புரதம் அது. இது காயத்தையே நேராகப் பற்றி, சுருளை வளைத்து, எக்ஸ்பி-சி-க்குக் காட்டிக்கொடுக்கிறது. சோதனைக் குழாயில், எதிலும் சுற்றப்படாத வெறும் டி.என்.ஏ-வை வைத்துச் செய்தால் இந்த உதவியாள் இல்லாமலே வேலை நடந்துவிடும். உண்மையான செல்லில், டி.என்.ஏ சுருண்டு மடிந்து கிடக்கும் இடத்தில்தான் அதன் அருமை தெரிகிறது. வெள்ளெலியின் செல்களில் டிடிபி2 ஏறத்தாழ உண்டாவதே இல்லை. அவை செயல்படும் மரபணுக்களில் உள்ள சைக்ளோபியூட்டேன் இரட்டைகளை எடுக்கின்றன, மற்ற இடங்களில் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எலி வகையில் பார்த்ததை அப்படியே மனிதருக்குப் பொருத்தக்கூடாது என்பதற்கு இது ஒரு நல்ல எச்சரிக்கை.

செயல்படும் மரபணுக்களில் மட்டும் எப்படி எடுக்க முடிகிறது? அதுதான் இரண்டாவது வழி. ஃபிலிப் ஹனவால்ட்டின் ஆய்வகத்தில் 1985-இல் வில்ஹெல்ம் போரும், 1987-இல் ஐசபெல் மெல்லனும் இதைக் கண்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் மரபணு மற்ற இடங்களைவிட வேகமாகச் சரியாகிறது. அதிலும் படியெடுக்கப்படும் இழைதான் முதலில் சரியாகிறது. படியெடுக்கும் ஆர்.என்.ஏ பாலிமரேஸ் காயத்தில் முட்டி நிற்கிறது. அந்த நிற்றலையே செல் அபாய மணியாக எடுத்துக்கொள்கிறது. சிஎஸ்-ஏ, சிஎஸ்-பி என்ற புரதங்கள் வந்து மற்றவர்களை அழைக்கின்றன. இங்கே சுருள் குலைந்திருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. பாலிமரேஸ் நின்றால் போதும்.

இந்த இரண்டு வழிகளையும் பிரித்துக் காட்டியது நோயாளிகளின் உடல்தான். எக்ஸ்பி-சி கெட்டவர்களுக்கு ரோந்து இல்லை, ஆனால் படியெடுக்கும் வழி நன்றாக இருக்கிறது. செல் அன்றாட வேலையைத் தொடர்கிறது. நரம்புகள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. படியெடுக்காத பகுதிகளில் காயங்கள் சேர்ந்து, நகலெடுக்கும்போது பிறழ்வுகளாகி, தோல் புற்று வருகிறது. சிஎஸ் புரதங்கள் கெட்டவர்களுக்கு வருவது, காக்கெய்ன் (Cockayne) என்ற மருத்துவரின் பெயர் கொண்ட நோய். அவர்களுக்கும் வெயில் ஆகாது. வளர்ச்சி நின்றுபோகிறது, நரம்புகள் சிதைகின்றன. தோல் புற்று மட்டும் கூடுவதில்லை. முட்டி நிற்கும் பாலிமரேஸை நகர்த்த முடியாத செல் பெரும்பாலும் இறந்துபோகிறது என்றும், இறந்த செல் புற்றாக மாறாது என்றும் இதை விளக்குகிறார்கள்.

இதில் நோயாளிகளின் வீட்டார் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. எக்ஸ்பி என்றால் சிறிது வெயில் பட்டாலும் தோல் கொப்பளித்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படி ஆவதில்லை. வெயிலில் தோல் கடுமையாகச் சிவந்து கொப்பளிப்பது, படியெடுக்கும் வழியும் சேர்ந்து கெட்டவர்களிடம்தான் பெரும்பாலும் காணப்படுகிறது. எக்ஸ்பி-சி, எக்ஸ்பி-இ குழந்தைகளின் தோல் வெயிலுக்குச் சாதாரணமாகவே சிவக்கும். ஒன்றும் இல்லை என்று வெளியே விளையாட விட்டுவிடுகிறார்கள். கொப்பளிக்கும் குழந்தையைப் பயந்துபோய் நிழலில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பிரிட்டனில் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துவந்த மருத்துவர்கள், கொப்பளிக்காதவர்களுக்கே தோல் புற்றுகள் அதிகம் வந்திருப்பதைக் கண்டார்கள். ஆகவே கைக்குழந்தையின் முகத்தில் வெயில் படும் இடங்களில் மட்டும் புள்ளிகள் அடர்ந்தால், தோல் சிவக்கவில்லையே என்று சும்மா இருந்துவிடக்கூடாது. தோல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

சரிபார்த்து வெட்டுவது

எந்த வழியில் கண்டுபிடித்தாலும் அடுத்து வேலை ஒன்றாகிவிடுகிறது. டிஎஃப்ஐஐஎச் என்ற பெரிய புரதக் கூட்டம் வருகிறது. அதில் எக்ஸ்பி-பி, எக்ஸ்பி-டி என்ற இருவர் சுருளைப் பிரிக்கிறார்கள். எக்ஸ்பி-டி ஓர் இழைமேல் ஊர்ந்து போகும். உண்மையிலேயே காயம் இருந்தால் அங்கே சிக்கி நிற்கும். எக்ஸ்பி-ஏ-யும் அந்த இடத்தை உறுதிசெய்கிறது. காயம் இல்லாத வெறும் தளர்வு என்றால் வேலை அங்கேயே கைவிடப்படும். நல்ல டி.என்.ஏ-வை வெட்டித் தொலைக்காமல் இருக்க இவ்வளவு முன்ஜாக்கிரதை. மரபணுக்களைப் படியெடுக்கத் தொடங்குவதற்கும் இதே டிஎஃப்ஐஐஎச்தான் வேண்டும் என்பது 1993-இல் தெரிந்தது. எக்ஸ்பி-டி-யில் எந்த எழுத்து மாறுகிறது என்பதைப் பொறுத்து ஒருவருக்கு எக்ஸ்பியும், இன்னொருவருக்குத் தலைமுடி எளிதில் முறியும் வேறொரு நோயும் ஏன் வருகின்றன என்ற குழப்பம் அப்போதுதான் தெளியத் தொடங்கியது.

வெட்டு இரண்டு பக்கமும் விழும். ஒரு பக்கம் எக்ஸ்பி-ஜி, மறுபக்கம் எக்ஸ்பி-எஃப். வெளியே வரும் துண்டு ஏறக்குறைய 27 முதல் 29 எழுத்து நீளம் என்று 1992-இல் அசிஸ் சான்ஜாரின் குழு அளந்தது. பாக்டீரியாவில் 12, 13 எழுத்துதான். இடைவெளியை எதிர் இழையைப் பார்த்து டி.என்.ஏ பாலிமரேஸ் என்ற நொதி நிரப்பும், லிகேஸ் என்ற நொதி ஒட்டும். கிளீவர் பார்த்த புள்ளிகள் இந்தச் சின்ன ஒட்டுகள்தான்.

எக்ஸ்பி நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் இந்த வேலை முழுவதும் சரியாகவே நடக்கிறது. ஆனாலும் நோய் வருகிறது. அவர்களிடம் இல்லாதது வேறு ஒரு நொதி என்று 1999-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் காட்டின. பாலிமரேஸ் ஈட்டா என்ற அந்த நொதி, எடுக்கப்படாமல் கிடக்கும் தைமின் இரட்டையின்மேல் தாண்டிப்போய், எதிரே சரியாக இரண்டு அடினின்களைப் போடும். அது இல்லாதபோது வேறு நொதிகள் அந்த இடத்தைத் தப்பும் தவறுமாக நிரப்பிவிடுகின்றன.

ஒளியால் ஆறும் விலங்குகள்

இவ்வளவு சுற்றிவளைப்பு எல்லா விலங்குக்கும் தேவைப்படவில்லை. மீன், தவளை, கங்காரு போன்ற பைப்பாலூட்டிகள் ஆகியவற்றிடம் ஃபோட்டோலயேஸ் என்ற நொதி இருக்கிறது. அது இரட்டையைப் பற்றிக்கொண்டு, நீல ஒளியின் ஆற்றலால் பிணைப்பை அவிழ்த்துவிடும். வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. கதிரால் இறக்கவேண்டிய நுண்ணுயிர்கள் வெளிச்சத்தில் வைத்ததும் பிழைத்துக்கொள்வதை 1949-இல் ஆல்பர்ட் கெல்னர் கவனித்ததிலிருந்து இது தொடங்கியது. சான்ஜார் தன் ஆராய்ச்சி வாழ்க்கையைத் தொடங்கியதும் இந்த நொதியில்தான். 2015-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளிடம், அதாவது எலியிலிருந்து மனிதர்வரை, இந்த நொதி இல்லை. அதன் உறவுக்காரப் புரதங்களான கிரிப்டோகுரோம்கள் நம்மிடம் இருக்கின்றன, ஆனால் அவை உடலின் நாள்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கின்றன.

இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால்? நெதர்லாந்து ஆய்வாளர்கள் போட்டரூ என்ற சிறு பைப்பாலூட்டியின் ஃபோட்டோலயேஸ் மரபணுவைச் சுண்டெலிக்குள் வைத்தார்கள். அது சைக்ளோபியூட்டேன் இரட்டையை மட்டும் அவிழ்க்கும். 6-4 காயத்தை மட்டும் அவிழ்க்கும் நொதியை வேறு சில சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். புற ஊதாவும் பிறகு நீல ஒளியும் காட்டினார்கள். 2005-இல் வெளிவந்த முடிவு இது: 6-4 காயத்தை உடனே அவிழ்த்ததால் புற்றுக்கட்டிகள் சொல்லும்படியாகக் குறையவில்லை. சைக்ளோபியூட்டேன் இரட்டையை அவிழ்த்த சுண்டெலிகளில் அவை வெகுவாகக் குறைந்தன. சுருளை மடக்கி உடனே அகப்பட்டுக்கொள்ளும் காயத்தைச் செல் தானே பார்த்துக்கொள்கிறது. தோலைப் புற்றுவரை கொண்டுபோனது, ரோந்துக்காரரின் கைக்குப் படாமல் உட்கார்ந்திருந்த அந்த முக்கால் பங்குதான்.